72-க்கு அப்புறம் வந்த வண்டிகள்

பியர்லேண்ட், டெக்சஸ்

அன்புள்ள மாப்ளே,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. பதில் போடாததற்குச் சோம்பல் காரணம் இல்லை, என் சனிக்கிழமைகள் மறுபடி பறிபோய்விட்டன. போன வாரம் நம் வீட்டு வாசலில் ஏழு பழைய பிக்கப் வண்டிகள் நின்றன. 2019-இல் நீ கோயம்புத்தூருக்கு மூட்டை கட்டியபோது மூன்றுதான் மிச்சம் இருந்தன, ஞாபகம் இருக்கிறதா?

முழங்கால் எப்படி இருக்கிறது? பேரனைத் தூக்கிக்கொண்டு மாடி ஏறுகிறாய் என்று தங்கச்சி போனில் புலம்பினாளாம், இவள் சொன்னாள். ஏறாதே. இங்கே நாங்கள் சௌக்கியம். சர்க்கரை மட்டும் அவ்வப்போது எட்டிப் பார்க்கிறது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். நம் சனிக்கிழமைப் பிக்கப் கூட்டம் செத்ததற்கு 2017 புயலைத்தான் இத்தனை நாள் திட்டிக்கொண்டிருந்தேன். அந்த ஹார்வி வந்து உன் 1968 வண்டியை முழுக்காட்டியதையும், சீட்டுக்குப் பின்னால் இருக்கும் பெட்ரோல் டாங்க் வரை தண்ணீர் ஏறியதையும், நீ அன்றைக்குப் பேசாமல் உட்கார்ந்திருந்ததையும் நான் மறக்கவில்லை. அப்புறம் கொரோனா. ஆனால் இப்போது யோசித்துப் பார்த்தால் பாதிக் காரணம் நாம்தான். கோபித்துக்கொள்ளாதே. 1967 முதல் 72 வரை வந்த ஷெவர்லே வண்டி மட்டும்தான் வரலாம் என்று ஒரு கோடு போட்டோமே, அந்தக் கோட்டைச் சொல்கிறேன்.

ஆமாம், அழகான கோடுதான். நூறடி தூரத்தில் வரும்போதே நீ வருடம் சொல்வாய். கேபினின் பின் ஜன்னல் சின்னதாக இருந்தால் பெரும்பாலும் 67. பக்கவாட்டில் சின்ன விளக்கு இருந்தால் 68-க்கு மேல். முகப்பு கட்டம் கட்டமாக இருந்தால் 71. உள்ளே எட்டிப் பார்த்து, பின்னால் வருவதைக் காட்டும் கண்ணாடி கூரையில் தொங்காமல் முன் கண்ணாடியில் ஒட்டியிருந்தால் 72. அதெல்லாம் ஒரு ரசனை. ஆனால் அந்த ரசனைக்குப் புது ஆள் ஒருவர்கூட வரவில்லை. வைத்திருந்தவர்களுக்கெல்லாம் வயதாகிவிட்டது. சிலர் விற்றார்கள், சிலர் போய்ச் சேர்ந்தார்கள்.

பொங்கலுக்கு முந்தைய நாள் ஒரு கூத்து. பின்தொட்டி நிறையக் கரும்பு ஏற்றிக்கொண்டு மீனாட்சி கோயிலுக்குப் போய்க்கொண்டிருந்தேன். சிக்னலில் நம் 71 மக்கர் பண்ணிவிட்டது. அதே வியாதிதான்: ஸ்டியரிங் கழுத்தில் இருக்கும் கியர் குச்சி முதல் கியருக்கும் இரண்டுக்கும் நடுவில் சிக்கிக்கொண்டது. அதன் அடியில் இருக்கும் புஷ் என்கிற சின்ன வளையம் தேய்ந்துபோய் ஆறு மாதமாக மிரட்டிக்கொண்டிருந்தது. பின்னால் ஹாரன் சத்தம். இறங்கிப் போனட்டைத் தூக்கி, ஸ்டியரிங் தண்டின் அடியில் இருக்கும் இரண்டு நெம்புகோல்களையும் கையால் தள்ளி ஒரே நேராக நிறுத்தினேன். 'டக்' என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். விரலெல்லாம் கிரீஸ், வேட்டியிலும் கிரீஸ்.

பின்னால் நின்றிருந்த பையன் இறங்கி வந்து அதையே வாய் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தான். இருபத்திரண்டு வயது இருக்கும். மெக்சிகோ வழிக் குடும்பம். அவனுடையது 1994 ஷெவர்லே, தாத்தா ஓட்டியது. அந்தப் பிள்ளைகளிடம் இந்த வண்டிகளுக்கு 'ட்ரோக்கா' என்று செல்லப் பெயர். ஒற்றைக் கேபின், குட்டைத் தொட்டி என்றால் உயிரை விடுகிறார்கள். "இன்னொரு தடவை அந்த லீவர் வேலையைக் காட்டுவீர்களா?" என்று கேட்டான். சனிக்கிழமை வா என்றேன்.

வந்தான். வந்தவன் வண்டி கறுப்புப் புகை கக்கியது, பெட்ரோல் நாற்றம் வேறு. நான் மனதுக்குள் சிரித்தேன். கம்ப்யூட்டர் வைத்த வண்டியை ஆயிரம் டாலர் மெஷின் இல்லாமல் தொட முடியாது என்று நீயும் நானும் எத்தனை தடவை கேலி பேசியிருப்போம்! அவன் சட்டைப்பையிலிருந்து பேப்பர் கிளிப் ஒன்றை எடுத்து நிமிர்த்தினான். டாஷ்போர்டுக்கு அடியில் இருந்த பிளக்கில் இரண்டு ஓட்டைகளை அதனால் இணைத்து, என்ஜினைக் கிளப்பாமல் சாவியை மட்டும் திருகினான். 'செக் என்ஜின்' விளக்கு கண்ணடிக்க ஆரம்பித்தது. ஒன்று, கொஞ்சம் இடைவெளி, அப்புறம் இரண்டு. அதாவது 12. மூன்று தடவை அதையே சொன்னது. அது வெறும் வணக்கமாம். பிறகு ஒன்று, இடைவெளி, ஐந்து. 15 என்றால் என்ஜின் தண்ணீரின் சூட்டைப் பார்க்கும் சென்சார். போய்ப் பார்த்தால் அதன் பிளக்கில் வயர் அறுந்து தொங்குகிறது. என்ஜின் சூடேறிய பிறகும் வெளியே பனி கொட்டுகிறது என்று நினைத்துக்கொண்டு வண்டி பெட்ரோலைக் கொட்டியிருக்கிறது, பாவம். பத்து நிமிட வேலை.

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது மாப்ளே. அன்று ராத்திரி கணக்குப் போட்டேன். நான் 71-ஐ வாங்கியது 1998-இல். அப்போது அதற்கு 27 வயது. அதைக் கிழட்டு வண்டி என்று கொண்டாடினோம். இந்தப் பையனின் வண்டிக்கு இப்போதே முப்பது தாண்டிவிட்டது! டெக்சஸில் 25 வயதானால் பழைய வண்டிக்கான நம்பர் பிளேட் கொடுக்கிறார்கள். அரசாங்கமே பழசு என்று ஒத்துக்கொண்ட வண்டியை நாம் புதுசு என்று விரட்டுகிறோம்.

அதனால் உன்னைக் கேட்காமலே கோட்டை அழித்துவிட்டேன். பையன் மூன்று நண்பர்களைக் கூட்டிவந்தான், எல்லாம் 90-களின் வண்டிகள். கம்ப்யூட்டர் இல்லாமல் பெட்ரோலையும் காற்றையும் கலக்கும் கார்புரேட்டர் அவர்களுக்கு அதிசயம். எனக்கு அந்தக் கண்ணடிக்கும் விளக்கு அதிசயம். இவள் இட்லி வார்த்தே களைத்துப்போகிறாள், அது ஒன்றுதான் குறை. சாம்பாரை அவர்கள் சூப் மாதிரிக் குடிக்கிறார்கள்.

இன்னொருவரையும் தேடிப் போனேன். 73 வைத்திருந்தாரே ஒரு பெரியவர், டாங்க் கேபினை விட்டு வெளியே போய்விட்டது, இது வேறு ஜாதி வண்டி என்று நீ வாசலிலேயே திருப்பி அனுப்பினாயே, அவரேதான். வண்டியும் இருக்கிறது, அவரும் இருக்கிறார், எண்பத்தொன்று ஆகிறது. கதவைத் திறந்ததும் என்னைப் பார்த்து, "வருடத்தை மாற்றிக்கொண்டு வரச் சொல்லி அனுப்பினார்களா?" என்று கேட்டார். நான் நெளிந்தேன். ஆனால் அடுத்த சனிக்கிழமை முதல் ஆளாக வந்து நின்றார். கேபின் ஓரங்களில் துரு தின்றிருக்கிறது, மற்றபடி கிண்ணென்று இருக்கிறது வண்டி. நம் வீட்டுக் காபியை இரண்டு தம்ளர் குடித்துவிட்டு, "அந்தக் கோபக்காரர் எப்படி இருக்கிறார்?" என்று விசாரித்தார்.

மே மாதம் மகள் வீட்டுக்கு வருவாய் அல்லவா? அவருக்கு அரைக் கிலோ ஃபில்டர் காபித்தூள் எடுத்து வா. சிக்கரி கலந்ததே இருக்கட்டும், அதுதான் அவருக்குப் பிடித்திருக்கிறது. மன்னிப்பெல்லாம் கேட்க வேண்டாம், தூளைக் கொடுத்தால் போதும்.

உன்,
பழைய பக்கத்து வீட்டுக்காரன்