இல்லாத கட்டுரைகளைப் படிக்கச் சொன்ன ரெவ்யூ

அன்பு நண்பா,

நலம்தானே? வீட்டில் எல்லோரும் சுகமா? இங்கே குறையொன்றும் இல்லை. உன் மாணவியின் வைவா நன்றாக முடிந்தது என்று முற்றுப்புள்ளி சார் போனில் சொன்னார். அவளுக்கு என் வாழ்த்தைச் சொல். சார் கொஞ்சமும் மாறவில்லை, நான் பேசப் பேசவே திருத்திக்கொண்டிருந்தார்.

எழுத உட்கார்ந்தது வேறு விஷயத்துக்காக. நான் ஆசிரியர் குழுவில் இருக்கும் ஆராய்ச்சி ஜர்னலில் ஒன்று நடந்திருக்கிறது. அதை உன்னிடம் சொன்னால்தான் மனசு ஆறும்.

முதல் முறையாகக் கட்டுரை அனுப்பிய ஒரு ஆராய்ச்சி மாணவர். வெளியிடுமுன் துறை அறிந்தவர்கள் படித்து எழுதும் மதிப்பீடு, அதாவது ரெவ்யூ, இரண்டு வந்தன. ஒன்று நாலே வரி, ஆனால் அட்டவணையில் இருந்த பிழையைச் சரியாகப் பிடித்திருந்தது. மற்றது இரண்டு பக்கம். வழுக்கிக்கொண்டு ஓடும் நடை. எந்தக் கட்டுரைக்கு வேண்டுமானாலும் பொருத்திக்கொள்ளலாம். கடைசியில், இந்த ஆய்வுகளையும் மேற்கோள் காட்டவும் என்று ஒரு பட்டியல். வழக்கம்போல இரண்டும் அந்தப் பிள்ளைக்குப் போயின. அவர் பணிவாகப் பதில் எழுதுகிறார்: "ஐயா, இவற்றில் மூன்று எங்கேயும் கிடைக்கவில்லை, நூலகத்திலும் கேட்டுவிட்டேன். பிரதி இருந்தால் அனுப்ப முடியுமா?" நானும் தேடினேன். அப்படிக் கட்டுரைகளே இல்லை! இல்லாததைத் தேடி அந்தப் பிள்ளை எத்தனை நாள் அலைந்திருக்கும், யோசித்துப் பார்.

ரெவ்யூவரைக் கேட்டால், நேரமில்லை, சாட்ஜிபிடியில் போட்டு வாங்கினேன், எல்லோரும் செய்வதுதானே என்கிறார். துளி சங்கடம் இல்லை.

பொய் மேற்கோளைவிட என்னை உறுத்துவது இதுதான்: அது இன்னும் வெளிவராத கட்டுரை. நம்பி, ரகசியமாகக் கொடுத்தது. மருத்துவ ஜர்னல் ஆசிரியர்களின் சர்வதேசக் குழுவான ஐசிஎம்ஜேஇ 2023 மே மாதமே இதைப் பற்றி ரெவ்யூவர்களை எச்சரித்தது. ரகசியம் காக்கப்படும் என்ற உறுதி இல்லாத மென்பொருளில் கட்டுரையை ஏற்றினால் அது ரகசியக் காப்பை மீறுவதாகலாம் என்றது. மருத்துவ ஆராய்ச்சிக்கு நிதி தரும் அமெரிக்க அரசு அமைப்பான என்ஐஹெச் அடுத்த மாதமே, ஆராய்ச்சி நிதி விண்ணப்பங்களை மதிப்பிடுகிறவர்கள் இதைச் செய்யவே கூடாது என்று தடை போட்டது.

ஆனால் நம்மைப் போன்ற ஜர்னல்கள் ஆரம்பத்தில் போட்ட விதிகளைப் பார், பெரும்பாலும் கட்டுரை எழுதுகிறவரைக் குறிவைத்தவை. சாட்ஜிபிடி 2022 நவம்பர் கடைசியில் வந்தது. இரண்டே மாதத்தில், அதைக் கட்டுரையின் ஆசிரியராக ஏற்கமாட்டோம் என்று நேச்சர் அறிவியல் இதழ் அறிவித்தது. பொறுப்பேற்க முடியாத ஒன்றுக்கு ஆசிரியர் என்ற பெயர் பொருந்தாது என்று பிப்ரவரியில், ஆராய்ச்சி வெளியீட்டு நெறிகளை வகுக்கும் கோப் அமைப்பும் சொன்னது. நல்ல வாதம். அதை ரெவ்யூவுக்கும் நீட்ட வேண்டாமா? அந்த மூன்று பொய்க் கட்டுரைகளுக்கு யார் பொறுப்பு?

2025-ல் ஜப்பானின் நிக்கேய் பத்திரிகை வெளியிட்ட செய்தி நினைவிருக்கிறதா? சிலர் தங்கள் கட்டுரைக்குள் கண்ணுக்குத் தெரியாத வெள்ளை எழுத்தில், நல்லவிதமாக மட்டும் ரெவ்யூ எழுது என்று ஏஐக்குக் கட்டளை ஒளித்துவைத்திருந்தார்கள். படிக்கப்போவது மனிதர் இல்லை என்று அவர்களே முடிவு கட்டிவிட்டார்கள். இந்த நிலைமைக்கு வந்துவிட்டோம்.

சரி, இப்போது உன்னோடு சண்டை. ஏஐ எழுதியதைக் கண்டுபிடிக்கும் மென்பொருளை எல்லாக் கட்டுரையிலும் ஓட்டு, மாட்டியதைத் தூக்கி எறி என்று போன கடிதத்தில் எழுதியிருந்தாய். நம் ஹாஸ்டல் நாள்களில் மெஸ் தகராறுக்குத் தீர்ப்புச் சொன்ன அதே நீதிபதி! ஆனால் இந்தத் தீர்ப்பு செல்லாது. 2023-ல் ஸ்டான்ஃபோர்ட் ஆய்வாளர்கள் இப்படிப்பட்ட ஏழு மென்பொருள்களைச் சோதித்தார்கள். ஆங்கிலம் தாய்மொழியல்லாதவர்கள் டோஃபல் என்ற ஆங்கிலத் தேர்வுக்காக எழுதிய 91 கட்டுரைகளைக் கொடுத்தால், சராசரியாகப் பாதிக்கு மேல் எந்திரம் எழுதியது என்றன. எல்லாம் மனிதர் எழுதியவை. ஓப்பன்ஏஐயே தன்னுடைய கண்டுபிடிப்பானைத் துல்லியம் போதாது என்று அதே வருடம் ஜூலையில் நிறுத்திவிட்டது. இதை நம்பி ஒரு மாணவரின் வருடக்கணக்கான உழைப்பைத் தூக்கி எறிவதா? ஆங்கிலத்தைச் சீர்செய்ய ஏஐயைப் பயன்படுத்தி, அதைச் சொல்லவும் சொல்கிறவரைத் தண்டித்தால் அடுத்தவர் வாயே திறக்கமாட்டார்.

சொல்லிவிட்டால் மட்டும் போதும் என்றும் நான் நினைக்கவில்லை. 2024 பிப்ரவரியில் ஃபிரான்டியர்ஸ் பதிப்பகத்தின் ஜர்னல் ஒன்றில் வந்த, உறுப்புகள் தாறுமாறாக இருந்த அந்த எலிப் படத்தை எடுத்துக்கொள். படம் வரையும் ஏஐயான மிட்ஜர்னியில் உருவாக்கியது என்று கட்டுரையிலேயே எழுதியிருந்தார்கள். ஒரு ரெவ்யூவர் படங்களைக் குறித்துக் கேள்வியும் கேட்டிருந்தார். கட்டுரையாளர்கள் பதில் தரவில்லை, ஆனாலும் கட்டுரை அச்சேறியது. சில நாளில் திரும்பப் பெற்றார்கள். மறைக்காமல் சொன்னார்கள், கேட்கவேண்டியவர் கேட்டார், கடைசிக் கதவில் நிற்கவேண்டிய ஆசிரியர் குழு கோட்டைவிட்டது. அந்தக் கதவில் நிற்பவன் என்பதால் எனக்குத் தூக்கம் வரவில்லை.

எங்கள் ரெவ்யூவர்களுக்கு ஒரு விதி வரைந்து இத்துடன் வைத்திருக்கிறேன். கட்டுரையை வெளி மென்பொருளில் ஏற்றக்கூடாது. தன் சொந்தக் குறிப்புகளின் மொழியைத் திருத்திக்கொள்ளலாம், ஆனால் எங்களிடம் சொல்லவேண்டும். மேற்கோள் பரிந்துரைத்தால் தானே படித்ததாக இருக்கவேண்டும். மீறினால் என்ன செய்வது என்ற பத்தியில்தான் குழு இரண்டாகப் பிரிந்து நிற்கிறது. அதைச் சிவப்புப் பேனாவோடு படித்துத் திருப்பி அனுப்பு.

அப்புறம், அந்த மாணவரின் கட்டுரைக்குப் புது ரெவ்யூவர் வேண்டும். உன் துறைதான். முழுசாகப் படிக்க நேரம் இருந்தால் மட்டும் சரி என்று சொல், உடனே அனுப்புகிறேன்.

அன்புடன்,
உன் பழைய அறைத்தோழன்