சேர்த்தால் போதாது, நிலைக்க வைக்கவேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

2030க்குள் வேலை செய்யும் வயதிலுள்ள உடற்குறையுள்ளோரில் 40 விழுக்காட்டினர் வேலையில் இருக்கவேண்டும் என்பது சிங்கப்பூரின் இலக்கு. கல்லூரி நூலகங்கள் மதியிறுக்கம், ஏடிஎச்டி (கவனக்குறைவு, மிகைச் செயல்பாடு), டிஸ்லெக்சியா (வாசிப்பதில் சிரமம்) உள்ளவர்களை வேலையில் சேர்த்தால் மட்டும் போதுமா?

‘அந்த அலமாரியைக் கொஞ்சம் பார்த்துடுங்க’ என்றால் என்ன புரியும்? எந்த வரிசை, எத்தனை தட்டு, எத்தனை மணிக்குள் என எழுதித் தரவேண்டும். நூல்களை அடுக்கும்போது அதிகம் தவறுவது அவற்றின் வரிசையைக் காட்டும் தசம எண்ணில்தான். 658.38 என்ற எண்ணுள்ள நூல் 658.4க்கு முன்னால் வரவேண்டும். முப்பத்தெட்டு நான்கைவிடப் பெரிது என்று பின்னால் வைத்துவிடுவார்கள் (டிஸ்லெக்சியா இல்லாதவர்களும்தான்!). புள்ளிக்குப் பின் ஒவ்வோர் இலக்கமாக ஒப்பிட்டுக் காட்டும் அட்டையைத் தள்ளுவண்டியிலேயே ஒட்டிவிடலாம்.

தேர்வுக் காலத்தில் முகப்பில் பேச்சு, தொலைபேசி, ஸ்கேனர் சத்தம் எல்லாம் ஒன்றாக மோதும். ஒரு மணி நேரம் முகப்பு, பிறகு பின்னறையில் லேபிள் ஒட்டும் வேலை என மாற்றிவிடலாம். பணி அட்டவணை மாறினால் முந்திய நாளே எழுத்தில் சொல்லவேண்டும்.

வேலையை மாற்றியமைக்க உடற்குறையுள்ளோருக்கு உதவும் எஸ்ஜி எனேபல் அமைப்பின் வழி மானியம் உண்டு. ஆனால் மேலே சொன்னவற்றுக்குக் காசே வேண்டாம். நேர்காணல் கேள்விகளை முன்கூட்டியே அனுப்ப என்ன செலவாகிவிடும்?

நூலகப் பணியாளர்கள் சிலர்,
சிங்கப்பூர்