அந்தப் பழைய குரல்களைக் கூப்பிடுங்கள்

மதிப்பிற்குரியோருக்கு,

வணக்கம். ஓடிடி தளங்களிலும் தொலைக்காட்சிகளிலும் தமிழ் மொழிமாற்றத்துக்குப் பொறுப்பு வகிப்பவர்கள், வடபழனியிலும் சாலிகிராமத்திலும் டப்பிங் தியேட்டர் நடத்துபவர்கள், எந்தப் பாத்திரத்துக்கு யார் பேசுவது என்று முடிவு செய்யும் ஒருங்கிணைப்பாளர்கள் ஆகிய உங்கள் அனைவருக்கும் சேர்த்தே இதை எழுதுகிறேன். தனித்தனியாகக் கேட்டால் ஒவ்வொருவரும் "அந்த முடிவு எங்கள் கையில் இல்லை" என்று அடுத்தவரைக் கைகாட்டுவீர்கள் என்பதால் எல்லோருக்கும் ஒரே மடல்.

கார்ட்டூனாகவும், அனிமே எனப்படும் ஜப்பானிய அனிமேஷனாகவும் பார்த்துப் பழகிய கதைகளை மனித நடிகர்களை வைத்து லைவ் ஆக்‌ஷனாக எடுக்கும்போதெல்லாம், யாரை நடிக்க வைத்தார்கள் என்பதைப் பற்றி உலகம் முழுவதும் ரசிகர்கள் சண்டை போடுகிறார்கள். அந்தச் சண்டைகளைச் சென்னையிலிருந்து நாங்களும் கவனித்துக்கொண்டுதான் இருக்கிறோம். ஆனால் தமிழில் பார்த்து வளர்ந்தவர்களுக்கு வேறொரு மனக்குறை உண்டு. எங்களுக்கு அந்தப் பாத்திரங்களின் முகம் எவ்வளவு முக்கியமோ அவ்வளவுக்கு அவற்றின் தமிழ்க் குரலும் முக்கியம். அந்தக் குரலை நீங்கள் ஒவ்வொரு முறையும் மாற்றிவிடுகிறீர்கள்.

என் தம்பியின் கதையைச் சொல்கிறேன். பெரம்பூரில் ஒற்றைப் படுக்கையறை வீட்டில் வளர்ந்தவர்கள் நாங்கள். பள்ளி விட்டு வந்ததும் சீருடையைக்கூட மாற்றாமல் அவன் தொலைக்காட்சி முன் உட்காருவான். ஒரு குறிப்பிட்ட தொடரின் நாயகனைப் போலப் பேசிக் காட்டுவதில் தெருவிலேயே அவனை மிஞ்ச ஆள் இல்லை. அந்தப் பையன் கோபப்படும்போது வார்த்தையின் கடைசி எழுத்தை இழுத்து விழுங்கும் விதம்வரை அப்படியே வரும். பல ஆண்டுகள் கழித்து அந்தக் கதை லைவ் ஆக்‌ஷன் தொடராக வெளிவந்தபோது, வேலைக்குப் போய்விட்ட அவன் விடுப்பு எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தான். தமிழ் ஒலியைத் தேர்ந்தெடுத்துப் பார்க்கத் தொடங்கினோம். நாயகன் வாய் திறந்து இரண்டு வரி பேசியிருப்பான். "அக்கா, இது அவன் இல்ல" என்றான் தம்பி. நடித்த பையன்மீது அவனுக்கு ஒரு குறையும் இல்லை. பையன் நன்றாகவே பொருந்தியிருந்தான். தம்பி ரிமோட்டை எடுத்து ஆங்கிலத்துக்கு மாற்றி, எட்டு அத்தியாயங்களையும் ஆங்கிலத்திலேயே பார்த்து முடித்தான். அந்தத் தளத்தின் கணக்கில் தமிழ் ஒலியைப் பாதியில் விட்டுவிட்டுப் போனவர்களில் ஒருவனாக அவன் பதிவாகியிருப்பான். தமிழில் பார்க்க ஆள் இல்லை என்று நாளை உங்கள் கூட்டத்தில் யாராவது ஒரு வரைபடத்தைக் காட்டினால், அதில் என் தம்பியும் இருக்கிறான் என்பதை நினைவில் வையுங்கள்.

முகத்தைப் பற்றிய சண்டைகளை நான் சிறுமைப்படுத்தவில்லை. 2005 முதல் 2008 வரை வந்த 'அவதார்: த லாஸ்ட் ஏர்பெண்டர்' கார்ட்டூன் தொடரை 2010-இல் திரைப்படமாக எடுத்தபோது, ஆசியப் பண்பாடுகளையும் ஆர்க்டிக் பழங்குடிகளின் வாழ்வையும் அடித்தளமாகக் கொண்ட கதையின் முதன்மைப் பாத்திரங்களில் வெள்ளை இளைஞர்களை நிறுத்தி, எதிரி நாட்டாராக மட்டும் தெற்காசிய முகங்களைக் காட்டியதற்கு எழுந்த கோபம் முற்றிலும் நியாயமானது. அதை இயக்கிய எம். நைட் ஷ்யாமளன் மாஹேயில் பிறந்தவர், அவருடைய தாய் தமிழர் என்பதால் எனக்குக் கூடுதலாகவே வலித்தது. 2025-இல் 'லீலோ அண்ட் ஸ்டிச்' கார்ட்டூன் மனித நடிகர்களோடு வந்தபோது, லீலோவின் அக்கா நானியாக நடித்தவரின் நிறம் மூலத்தைவிட வெளுத்திருக்கிறது என்று பலர் சுட்டிக்காட்டியதும் அதே வகைதான். (சென்னைக் கதாநாயகிகளின் நிறத்தைப் பற்றி நாம் இன்னும் வாயே திறக்கவில்லை என்பது வேறு கதை.) அதே வேளையில், 2019-இல் 'த லிட்டில் மெர்மெய்ட்' படத்தின் கடற்கன்னி வேடத்துக்குக் கறுப்பினத்தவரான ஹாலி பெய்லியைத் தேர்ந்தெடுத்தபோது ஒரு கூட்டம் அவர்மீது கொட்டிய வெறுப்பை ரசிகர்களின் ஏமாற்றம் என்ற கணக்கில் நான் சேர்க்க மாட்டேன்.

இந்த முடிவுகள் கலிபோர்னியாவிலும் தோக்கியோவிலும் எடுக்கப்படுபவை. உங்களால் அவற்றை மாற்ற முடியாது. தமிழ்க் குரலை முடிவு செய்வது மட்டும் ஆற்காடு சாலையின் இரு பக்கத்துச் சந்துகளில் நடக்கிறது. அதனால்தான் உங்களுக்கு எழுதுகிறேன்.

இதற்கு முன்னுதாரணம் இல்லை என்று யாரும் சொல்லிவிட முடியாது. 2017-இல் ஸ்கார்லெட் ஜோஹான்சனை வைத்து எடுத்த 'கோஸ்ட் இன் த ஷெல்' படத்தில், ஜப்பானியப் பெண்ணின் பாத்திரத்தை வெள்ளை நடிகைக்குக் கொடுத்துவிட்டார்கள் என்று உலகெங்கும் கண்டனம் எழுந்தது. அதே படத்தை ஜப்பானில் மொழிமாற்றியபோது என்ன செய்தார்கள் என்று பாருங்கள். 1995 அனிமேஷன் படத்திலிருந்து அந்தப் பாத்திரத்துக்குக் குரல் கொடுத்துவந்த அட்சுகோ தனாக்காவையே அழைத்து ஜோஹான்சனுக்குப் பேச வைத்தார்கள். முகத்தை மாற்ற முடியாதவர்கள் குரலையாவது காப்பாற்றினார்கள். 1998-இல் வந்த 'கவ்பாய் பீபாப்' அனிமே 2021 நவம்பரில் லைவ் ஆக்‌ஷனாக வந்தது. மூன்று வாரத்துக்குள் அதற்கு மூடுவிழாவும் நடந்துவிட்டது. அந்தத் தொடருக்கும்கூட, ஜப்பானிய மொழிமாற்றத்தில் கோயிச்சி யாமதேராவும் மெகுமி ஹயாஷிபாராவும் தத்தம் பழைய பாத்திரங்களுக்கே பேசினார்கள். மூன்றாமவரான உன்ஷோ இஷிசூக்கா 2018-இல் இறந்துவிட்டதால் அந்தப் பாத்திரத்துக்கு மட்டும் வேறொருவர் பேசினார். மாற்றுவதற்கு ஏற்ற காரணம் என்றால் எனக்குத் தெரிந்து அதுதான்.

எல்லாவற்றிலும் என்னைக் கவர்ந்தது கடற்கொள்ளையர் கதையான 'ஒன் பீஸ்'. 2023 ஆகஸ்ட் 31 அன்று வெளிவந்த லைவ் ஆக்‌ஷன் தொடரில் நாயகன் லூஃபியாக நடித்தவர் இன்யாக்கி கொடாய் என்ற மெக்சிகோ இளைஞர். ஜப்பானிய ஒலியில் அவருக்குப் பேசியவர் 1999 முதல் அனிமேயில் லூஃபிக்குக் குரல் கொடுத்துவரும் மயூமி தனாக்கா. இருபது வயது இளைஞனின் உதட்டுக்கு, அறுபத்தெட்டு வயதுப் பெண்மணியின் குரல். கார்ட்டூனில் சிறுவனுக்குப் பெண் பேசலாம், உண்மையான ஆணின் முகத்துக்கு அது ஒட்டாது என்பது நம் ஊரில் இந்தப் பேச்சு வரும்போதெல்லாம் முதலில் கேட்கும் மறுப்பு. ஜப்பானியர்கள் உட்கார்ந்து பார்த்தார்கள், ஒட்டியது. நாயகன் மட்டுமல்லாமல் கப்பலில் இருந்த மற்ற நால்வருக்கும் பழைய குரல்களே வந்தன.

ஜப்பான்வரை போவானேன்? நம் தொழிலுக்கே இது நன்றாகத் தெரியும். ரஜினிகாந்த் தெலுங்கில் பேசினால் அது மனோவின் குரல். கமல்ஹாசனுக்கு எஸ்.பி.பி. பேசி ஆந்திர மக்கள் பழகியிருந்தார்கள். தசாவதாரத்தின் தெலுங்குப் பதிப்பில் ஏழு வேடங்களுக்கு எஸ்.பி.பி.யே பேசினார். நாளை ரஜினி படத்துக்குத் தெலுங்கில் புதுக் குரல் வைக்கிறோம் என்று யாராவது கிளம்பினால் விநியோகஸ்தரே முதலில் சண்டைக்கு வருவார். நட்சத்திரத்தின் குரல் மாறக் கூடாது என்று தெரிந்த உங்களுக்கு, ஒரு குழந்தை நான்கு ஆண்டுகள் தினமும் மாலையில் கேட்ட குரலும் அதே போன்றதுதான் என்று ஏன் தோன்றவில்லை? 2007-இல் சுட்டி டிவி தொடங்கிய பிறகு வளர்ந்த பிள்ளைகளிடம் டோரா என்று சொல்லிப் பாருங்கள். "குள்ளநரி திருடக் கூடாது" என்று அதே ராகத்தில் பதில் வரும். டோராவின் குரங்குக்கு ஆங்கிலத்தில் வேறு பெயர் என்பதுகூட அவர்களில் பலருக்குத் தெரியாது. அது புஜ்ஜி, அவ்வளவுதான்.

இனி நான் நேரில் பார்த்ததைச் சொல்கிறேன். கல்லூரியில் படித்தபோது தோழி ஒருத்தியுடன் சாலிகிராமத்தில் ஒரு டப்பிங் தியேட்டருக்கு இரண்டு நாள் கிரவுட் வாய்ஸ் கொடுக்கப் போயிருந்தேன். சந்தையில் கூச்சலிடும் கூட்டத்தில் நாங்கள் ஆறு பேர். ஏசி சத்தம் மைக்கில் விழும் என்று டேக்கின்போது அதை நிறுத்திவிடுவார்கள். ஐந்து நிமிடத்தில் சட்டை முதுகோடு ஒட்டிக்கொள்ளும். எங்களுக்கு முன் நாற்பது வயது மதிக்கத்தக்க ஒரு பெண்மணி நின்றிருந்தார். ஒரு காதில் மட்டும் ஹெட்போன், கையில் வசனப் பேப்பர், தரையில் வெந்நீர் ஃபிளாஸ்க். இடைவெளியில் கைப்பேசியை எடுத்து, சிலிண்டர் வந்துவிட்டதா என்று வீட்டில் விசாரித்துக்கொண்டிருந்தார். உள்ளிருந்து "ரெடிம்மா" என்றதும் கைப்பேசியை அணைத்து, மூக்கைச் சற்றே சுருக்கிக்கொண்டு மைக் முன் நின்றார். அடுத்த நொடி என் தம்பியின் நாயகன் பேசினான். கடைசி எழுத்தை இழுத்து விழுங்கும் அதே கோபம். எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. வெளியே வந்தபோது வெட்கத்தை விட்டு "நீங்கதானா மேடம் அந்தப் பையன்?" என்று கேட்டேன். சிரித்துவிட்டு, என் தம்பியின் பெயரைக் கேட்டு, அவன் வீட்டுப்பாடம் எழுதினானா என்று அந்தக் குரலிலேயே விசாரித்தார். என்னிடம் பதிவு செய்யும் வசதியுள்ள கைப்பேசி அன்று இருந்தும், அந்த நேரத்தில் அதை எடுக்கத் தோன்றவில்லை என்பது இன்றுவரை வருத்தம்.

லைவ் ஆக்‌ஷன் தொடர் வந்தபோது அவரை யாரும் அழைக்கவில்லை. குரல் சோதனைக்குக்கூட அழைக்கவில்லை. முன்னோட்டத்தை மற்றவர்களைப் போலக் கைப்பேசியில்தான் பார்த்தாராம். என் தோழி வழியாகத் தெரிந்தது.

உங்கள் தரப்பில் உண்மையான ஒரு சிக்கல் இருப்பதை நான் மறுக்கவில்லை. கார்ட்டூனில் வாய் திறந்து மூடினால் போதும்; வசனம் கொஞ்சம் முன்பின் போனாலும் தெரியாது. மனித முகத்தில் ப, ம வரும் இடங்களில் உதடு மூடுவது பளிச்சென்று தெரியும். "ஹெல்ப் மீ" என்று நடிகர் கத்தினால் ப, ம இரண்டுக்கும் சேர்த்து உதடு ஒரு முறை மூடுகிறது. "காப்பாத்துங்க" என்று எழுதினாலும் ஒரு முறைதான் மூடுகிறது, ஆனால் அதன் பிறகு இரண்டு அசை நீண்டுவிடுகிறது. நல்ல வசனகர்த்தா அங்கே "அம்மா" என்று எழுதிவிட்டுப் போவார். ஆகவே கார்ட்டூனுக்குப் பேசியவர் லைவ் ஆக்‌ஷனுக்கும் பேச வேண்டுமானால் கூடுதலாகச் சில மணி நேரம் ஒதுக்க வேண்டியிருக்கும். ஒதுக்குங்கள். அந்தப் பாத்திரம் எங்கே மூச்சு வாங்கும் என்று தெரிந்தவருக்கு உதட்டைப் பிடிக்கப் பழகுவது எளிது. உதடு மட்டும் பிடிக்கத் தெரிந்தவருக்குப் பாத்திரம் பிடிபட நாளாகும்.

பெரிய படங்களுக்கு நட்சத்திரக் குரல்கள் தேவைப்படுவதும் புரிகிறது. 2019 லயன் கிங்கில் சித்தார்த் சிம்பாவாகவும் ரோபோ சங்கர் பும்பாவாகவும் சிங்கம்புலி டிமோனாகவும் பேசியது அரங்கில் எடுபட்டது. ஸ்காருக்குப் பேசிய அரவிந்த்சாமி, 1994-இன் தமிழ்ப் பதிப்பில் வளர்ந்த சிம்பாவுக்குக் குரல் கொடுத்தவர் என்பதை அப்போது எல்லாச் செய்திகளிலும் போட்டார்கள். பழைய குரலுக்கு விளம்பர மதிப்பு இருக்கிறது என்று அன்றே உங்களுக்குத் தெரிந்திருக்கிறது; அது நடிகரின் குரலாக இருந்தால் மட்டும் நினைவுக்கு வருகிறது. ஆங்கில முஃபாசாவுக்கு இரண்டு முறையும் ஜேம்ஸ் ஏர்ல் ஜோன்ஸ்தான் பேசினார்.

நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. ஒரு கார்ட்டூனோ அனிமேயோ லைவ் ஆக்‌ஷனாகத் தமிழுக்கு வரும்போது, அதற்கு முன்பு தமிழில் பேசியவர் யார் என்று தேடி, குரல் சோதனைக்கு முதலில் அவரை அழையுங்கள். அவர் சரிப்படவில்லை என்றால் வேறொருவரை எடுங்கள். நாங்கள் அந்தப் புதியவரைத் திட்ட மாட்டோம், திட்டுபவர்களையும் தடுக்கப் பார்ப்போம். பழைய பதிப்பில் வைத்த பெயர்களையும் வழக்கமான வாசகங்களையும் வசனகர்த்தாவின் கையில் கொடுத்துவிட்டு எழுதச் சொல்லுங்கள். குரல் கொடுத்தவர்களின் பெயர்களைத் தமிழ் எழுத்தில், படிக்கும் அளவுக்கு நேரம் கொடுத்துப் போடுங்கள். இப்போது அந்தப் பட்டியல் வருவதற்குள் "அடுத்த அத்தியாயம்" என்ற பொத்தான் வந்து மூன்று நொடியில் எல்லாவற்றையும் விழுங்கிவிடுகிறது. சிறந்த பின்னணிக் குரலுக்குத் தமிழ்நாடு அரசே விருது வைத்திருக்கிறது, கலைஞர்களுக்கென்று இதே ஊரில் சங்கம் இருக்கிறது. இருந்தும் என் தலைமுறையின் குழந்தைப் பருவத்துக்குக் குரல் கொடுத்தவர்களில் ஒருவரின் பெயரைக்கூட எந்தத் திரையிலும் நான் படித்ததில்லை.

யார் பேசினார்கள் என்ற பதிவே இல்லை, இனி எங்கே போய்த் தேடுவது என்று நீங்கள் சொல்லக்கூடும். நான் குறிப்பிட்ட பெண்மணி இன்றும் அந்தத் தியேட்டரிலிருந்து இரண்டு பேருந்து நிறுத்தம் தள்ளித்தான் குடியிருக்கிறார். உங்கள் ஒருங்கிணைப்பாளரின் கைப்பேசியில் அவருடைய எண் இருக்கும். போன மாதம்கூட ஒரு சலவைத்தூள் விளம்பரத்துக்கு அழைத்திருந்தார்களாம். காலை ஒன்பது மணிக்கு முன் மட்டும் கூப்பிட வேண்டாம், அது மாமியாருக்கு மருந்து கொடுக்கும் நேரம்.

இப்படிக்கு,
பெரம்பூரிலிருந்து ஒரு ரசிகை
சென்னை