தோலோலிங்கில் விழுந்த எம்ஐ-17: ஒரு திறந்த மடல்

பாதுகாப்பு அமைச்சகத்துக்கும் இந்திய விமானப்படைத் தலைமையகத்துக்கும்,

வணக்கம். ஜூலை 26 வந்தால் கார்கில் வெற்றியைப் பற்றி எல்லோரும் பேசுகிறோம். என்னை உறுத்துவது அதற்கு இரண்டு மாதம் முந்தைய ஒரு நாள்: 1999 மே 28.

முந்தின நாள்தான் ஒரு மிக்-27, ஒரு மிக்-21 என இரண்டு போர் விமானங்களை இழந்திருந்தோம். மிக்-27 விமானி நச்சிகேதா பிடிபட்டார். அவரைத் தேடிப் போன மிக்-21 விமானி அஜய் அஹுஜா உயிரோடு திரும்பவில்லை. மலைமேல் இருக்கும் பாகிஸ்தான் ஊடுருவல்காரர்களிடம் தோளில் வைத்துச் சுடும் ஏவுகணை இருக்கிறது என்பது தெரிந்துவிட்டது. மறுநாளே நான்கு எம்ஐ-17 ஹெலிகாப்டர்கள் கார்கிலின் தோலோலிங் மலைப் பக்கம் ராக்கெட் வீசப் போயின. வெப்பத்தை மோப்பம் பிடித்து வரும் ஏவுகணையை ஏமாற்ற ஃபிளேர் என்னும் எரிபொறிகளைச் சிதறவிடும் கருவி மூன்றில் இருந்தது, ஒன்றில் இல்லை. ஸ்டிங்கர் என்னும் தோள் ஏவுகணை வீழ்த்தியது அந்த ஒன்றைத்தான்.

ஸ்குவாட்ரன் லீடர் ராஜீவ் புண்டிர், ஃபிளைட் லெப்டினன்ட் முகிலன், சார்ஜென்ட் பிரசாத், சார்ஜென்ட் ராஜ் கிஷோர் சாஹு. ஒருவரும் மிஞ்சவில்லை. (தமிழில் எழுதும் நாங்கள் முகிலனை மட்டும் சொல்லி நிறுத்திவிடுவது வழக்கம். நானும் அப்படிச் செய்தவன்தான்.)

எம்ஐ-17 அடிப்படையில் ஆளையும் சரக்கையும் ஏற்றும் வண்டி. காற்று மெலிந்த அந்த உயரத்தில், பாரத்தோடு சட்டென்று திரும்பித் தப்ப அதற்கு வழியில்லை. தரைப்படை ஹெலிகாப்டர் கேட்டபோது அன்றைய விமானப்படைத் தளபதி டிப்னிஸ் தயங்கியது சும்மா அல்ல. விழுந்த பிறகு எம்ஐ-17களைத் தாக்குதலிலிருந்து விலக்கிக்கொண்டீர்கள். மலை உயரத்துக்கென்றே உருவாக்கிய 'பிரசண்ட்' தாக்குதல் ஹெலிகாப்டர் படையில் சேர்ந்தது 2022 அக்டோபரில். இடையில் 23 ஆண்டுகள்.

போர் என்றால் இழப்பு உண்டு, அதை நான் மறுக்கவில்லை. நான் கேட்பது வேறு. அந்தக் கருவி இல்லாத வண்டி அன்றைய வரிசையில் எப்படிச் சேர்ந்தது? கருவி போதவில்லையா, அவசரமா, யாரும் கவனிக்கவில்லையா? விசாரணையில் தெரிந்ததை இப்போதாவது வெளியிடுங்கள். கால் நூற்றாண்டு கழித்து அதில் எதிரிக்குப் பயன்படும் ரகசியம் என்ன இருந்துவிடப் போகிறது?

இன்னொன்று. இன்றைக்கு எல்லையோரம் பறக்கும் ஹெலிகாப்டர்களில் அந்தக் கருவி இல்லாதவை எத்தனை? பொதுவில் சொல்ல முடியாதென்றால் நாடாளுமன்ற நிலைக்குழுவிடம், மூடிய அறையில், எண்ணைச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
வரி செலுத்தும் ஒரு குடிமகன்