கத்தியை முதலில் பிரி

அன்புள்ள சேகர்,

இத்தனை நாள் பதில் போடாததற்கு நேரில் ஏசிக்கொள். இங்கே எல்லாரும் சுகம். பாஸ்கர் இன்னும் அதே ஸ்கூட்டரில்தான் வருகிறான், அதே பொய்களோடு.

உன் மடக்குச் சவரக்கத்திப் படத்தையும், அதற்குப் புது மரப்பிடி செய்யப்போகிறாய் என்பதையும் பார்த்ததும் எழுத உட்கார்ந்தேன். மூடினால் பிடிக்குள் போகும் இடத்தில் மட்டும் துரு, கற்பூரமும் புளிப்புமாக வாடை என்கிறாய். பழைய பிடி செல்லுலாய்டு, அந்தக் காலத்து பிளாஸ்டிக். சிதையும்போது நைட்ரிக் அமில ஆவி விடும். எவ்வளவு எண்ணெய் தடவினாலும் துரு நிற்காது. மரப்பிடி எப்போது முடிந்தாலும் சரி, கத்தியைப் பிடியிலிருந்து இன்றைக்கே பிரி. அலகில் டேப் சுற்று. ஆணித்தலையை ஒரு பக்கம் அரத்தால் தேய்த்து மட்டமாக்கு. துளையுள்ள கட்டைமேல் வைத்து, முனை மழுங்கிய மெல்லிய கம்பியால் தட்டித் தள்ளு. டிரில் வேண்டாம், சூடானால் செல்லுலாய்டு குப்பென்று பற்றும். பழைய பிடியையும் கத்தியையும் ஒரே டப்பாவில் போடாதே.

'ஷெஃபீல்ட்' என்பதோடு 'இங்கிலாந்து' என்றும் முத்திரை இருக்கிறதே, அது பெரும்பாலும், இறக்குமதிப் பொருளில் நாட்டின் பெயர் இருக்க வேண்டும் என்ற 1890ஆம் ஆண்டு அமெரிக்கச் சுங்கச் சட்டத்துக்குப் பிந்தைய சரக்கு. 1857 கலகத்தில் கிடைத்தது என்ற கதையை மூர்த்தியிடம் சொல், அவன் நம்புவான்.

மரத்துக்காகக் கருங்காலி மாலை விற்கும் கடையில் தேடாதே. ஈரத்துணியால் தேய்த்தால் கறுப்பு ஒட்டும் சாயக்கட்டைகள் நிறைய. உடைந்த ஈட்டிமர நாற்காலிக் கால் கிடைத்தால் அதை எடு. நன்றாகக் காய்ந்த மரம் சுலபத்தில் முறுக்காது. 155 மி.மீ. நீளம், 22 அகலம், 3 கனத்தில், பிடியின் இரு பக்கத்துக்கும் இரண்டு பட்டை. ரேகை நீளவாட்டில் ஓட வேண்டும். சாய்ந்தால் ஆணி அடிக்கும்போது துளையில் பிளக்கும்.

அதற்குமுன் அட்டையில் வெட்டிக் குண்டூசி குத்தி மூடிப்பார். கூர் வெளியே எட்டிப்பார்க்கக் கூடாது. அலகு நுனிக்கும், வால்பக்கம் இரு பட்டைகளுக்கும் இடையே வைக்கும் சிறு துண்டான ஆப்புக்கும் நடுவே 3 மி.மீ. இடைவெளியாவது வேண்டும். பிறகு இரு பட்டைகளையும் இருபக்க டேப்பால் ஒட்டி, விளிம்பு சதுரமாக இருக்கும்போதே 1.6 மி.மீ. துளை போட்டுவிடு. வளைத்துச் செதுக்கியபின் மட்டம் பார்க்க எதுவும் மிஞ்சாது. துளை சாய்ந்தால் கத்தி ஒரு பக்கப் பட்டையைத் தொட்டுக்கொண்டே மூடும்.

இனிதான் என் கவலை. ஆப்பை 'கடைசியில் ஏதாவது ஒரு துண்டு வைக்கிறேன்' என்று எழுதியிருக்கிறாய். அப்படி விடாதே சேகர். பிடியின் உயிரே அதில்தான். கத்தி சுழலும் ஆணி இருக்கும் கழுத்துப் பக்கம் பட்டைகள் ஐந்து மி.மீ. விலகியிருக்கும், வாலில் பாதிதான். தட்டையான துண்டு வைத்தால் பட்டைகள் வாலிலிருந்து இணையாகக் கிளம்பி, நடுவில் உள்வாங்கி, அலகை உரசும். அலகைப் பார்க்கும் முனை தடித்து, வாலை நோக்கி மெலிந்திருக்க வேண்டும். அப்போதுதான் பட்டைகள் லேசாக வெளியே வில்லாகி இறுக்கமும் கொடுக்கும். அந்தச் சாய்வை அரத்தால் அல்ல, கண்ணாடிமேல் உப்புத்தாள் ஒட்டித் தேய்த்து எடு. வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் ஆப்புக்கும் மரத்துக்கும் இடையே கீற்று தெரியக் கூடாது. இடதும் வலதும் ஒரு மயிரிழை வித்தியாசப்பட்டால் வால் முறுக்கிக்கொள்ளும். ஆணியாகப் பித்தளைக் கம்பியை அடிக்குமுன், எம் 1.6 என்ற 1.6 மி.மீ. திருகாணியும் நட்டும் போட்டுத் திறந்து மூடிப்பார். தப்பிருந்தால் இந்தக் கட்டத்தில் கழற்றலாம், அப்புறம் முடியாது.

மெருகு உள்பக்கமும் ஏற்று. ஒரு பக்கம் மட்டும் பூசினால் ஈரம் மறுபக்கம் ஏறி வளைந்துவிடும். ஈட்டியில் மரத்தெண்ணெய் இருப்பதால் ஆளிவிதை எண்ணெய் காய மறுக்கும். அசிட்டோன் துடைத்துவிட்டுப் பூசு. எண்ணெய்த் துணியைச் சுருட்டி எறியாதே, தானே பற்றும், விரித்துக் காயப்போடு.

கடைசியாகப் பித்தளைக் கம்பி. முதலில் வால், பிறகு கழுத்து. வாஷருக்கு மேல் அரை விட்டம், அதாவது 0.8 மி.மீ. மட்டும் விடு. நீளம் கூடினால் தலை பரவாமல் கம்பி உள்ளே வளைந்து மரத்தைப் பிளக்கும். சின்னச் சுத்தியல், மெல்லிய தட்டு, மாற்றி மாற்றி இரு பக்கமும். கத்தி தன் கனத்தில் விழாமல், கட்டைவிரல் தள்ளினால் திறக்கும் இறுக்கம் வந்ததும் நிறுத்து.

மரத்தை அறுக்குமுன் அட்டை அச்சின் படத்தை அனுப்பு.

உன்,
ராமு