தடைக்காலம் முடிந்து கடலுக்குப் போகுமுன்

ஆசிரியருக்கு,

மீன்பிடித் தடைக்காலமான ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் கரையில் நிற்கும் விசைப்படகுகளில் வலை, பெயின்ட், பலகை எல்லாம் பார்க்கிறார்கள். எஞ்சினைக் குளிர்விக்கும் கடல் தண்ணீர் பம்ப்பை யாரும் திறப்பதில்லை. அதற்குள் இருக்கும் ரப்பர் இம்பெல்லரின் (சுழன்று தண்ணீரைத் தள்ளும் சக்கரம்) இறக்கைகள் இரண்டு மாதம் ஒரே பக்கம் மடிந்து கிடந்தால் அப்படியே படிந்துவிடும். பிறகு தண்ணீரை இழுக்காது.

கடல் தண்ணீர் உள்ளே வரும் கீழ் வால்வை மூடி, பம்ப்பின் மூடித் தகட்டின் ஸ்க்ரூக்களைக் கழற்றுங்கள். இம்பெல்லரை ஸ்க்ரூ டிரைவரால் நெம்பாமல் இரண்டு பிளையரால் இழுங்கள். நெம்பினால் பித்தளை உடம்பில் கோடு விழும். இறக்கையின் அடியை வளைத்துப் பார்த்து, மயிரிழை வெடிப்பு தெரிந்தாலும் மாற்றிவிடுங்கள். ஒரு துண்டு உடைந்து காணவில்லையா? அது ஹீட் எக்ஸ்சேஞ்சர் (எஞ்சின் சூட்டைக் கடல் தண்ணீருக்கு மாற்றும் பாகம்) வாயில் சிக்கியிருக்கும். எடுக்காமல் புதிய இம்பெல்லர் போட்டும் பயனில்லை.

புதிதுக்குக் கிரீஸ் வேண்டாம், இம்பெல்லரின் நியோப்ரீன் ரப்பர் ஊதிவிடும். கிளிசரின் அல்லது பாத்திரச் சோப்பு போதும். பம்ப் சுழலும் திசையிலேயே இம்பெல்லரைத் திருகிக்கொண்டே செருகுங்கள், இறக்கைகள் அதற்கு எதிர்ப்பக்கம் மடியும். மூடித் தகட்டுக்கு அடியில் வைக்கும் கேஸ்கெட் தாள் பழைய கனத்திலேயே இருக்கட்டும். தடித்தால் உறிஞ்சல் குறையும்.

பம்ப்பின் அடியில் உள்ள சிறு துளையில் தண்ணீர் சொட்டினால் தண்ணீர் சீல் போயிற்று, ஆயில் என்றால் ஆயில் சீல். துளையை எம்-சீல் பசை வைத்து அடைப்பவர்கள் உண்டு. அடைத்தால் உப்புத் தண்ணீர் எஞ்சின் ஆயிலில்தான் கலக்கும்.

ஸ்டார்ட் செய்யுமுன் வால்வைத் திறக்க மறக்காதீர்கள். வறண்டு ஓடினால் ஒரு நிமிடத்திலேயே ரப்பர் கருகத் தொடங்கிவிடும்.

– ஒரு படகு மெக்கானிக், நாகப்பட்டினம்