கயலுக்கு அப்பா எழுதுவது

அன்புள்ள கயல்,

போனில் பேசி ஐந்து வாரம் ஆகிறது. வாட்ஸ்அப்பில் நீல டிக் விழுகிறது, பிள்ளை நன்றாக இருக்கிறாள் என்று அம்மாவிடம் சொல்லிக்கொண்டிருக்கிறேன். தண்ணீர் குடிக்கிறாயா? தாகம் எடுத்த பிறகு குடிப்பதெல்லாம் பாலைவனத்தில் கணக்கில் வராது. சித்தப்பா விஷயம் முடிந்தது, நீ சொன்னபடியேதான். அதை விடு.

துவைக்கிற கல்லை நகர்த்தினால் சாம்பல் நிறத்தில் சிதறி ஓடுமே, இங்கிலீஷில் வுட்லவுஸ் என்பாயே, அதை நான் பூச்சி என்றதற்கு, "நண்டு, இறால் வகைப்பா, காலை எண்ணிப் பாருங்க" என்று திட்டினாய். எண்ணினேன். 14. நம் தெருவில் யாருடைய பெண் இஸ்ரேலின் நெகேவ் பாலைவனத்தில் உட்கார்ந்து இதன் பாலைவன வகையை ஆராய்கிறாள்? டீக்கடையில் கேட்காதவரிடமும் சொல்கிறேன்.

நீ சொன்னதை மறக்கவில்லை. ஈரம் இல்லாவிட்டால் செத்துப்போகிற ஜீவன், வருஷத்துக்கு 100 மில்லிமீட்டரை ஒட்டியே மழை பெய்யும் இடத்தில் பிழைப்பது வளையால்தான். மண்ணில் மழை ஈரம் இருக்கும்போதே தோண்டியாக வேண்டும். கோடையில் புது வளைக்கு வழி கிடையாது. காவல் இல்லாத வளையை வேறொன்று பிடித்துக்கொள்ளும். அதனால் ஜோடியில் ஒன்று வாசலை அடைத்து நிற்கும், மற்றது தீனிக்குப் போகும். தனியாள் பிழைப்பு அங்கே நடக்காது. ஆயுளில் ஒரே ஈடு. 50 குஞ்சுக்கு மேல். தாய் வயிற்றடிப் பையில் சுமந்து பெற்றதும், ரெண்டு பேருமாக இலை இழுத்து வந்து ஊட்டுவார்கள்.

நீ சொன்ன கணக்குப்படி இந்த மாசி, பங்குனிதான் அவை ஜோடி சேரும் காலம். சும்மா சொன்னேன். தொப்பி போட்டுக்கொள். தண்ணீர் குடி.

ஆனால் ஐந்து வாரம் அதிகம், கயல். அம்மா பேசமாட்டாள், மதியம் போனை மடியில் வைத்துக்கொண்டே தூங்குகிறாள். படித்த பிள்ளைக்கு இது தெரியாதா?

தன் குடும்பத்து வாசனை இல்லாததை வாசலில் நிற்பது உள்ளே விடாது, உணர்கொம்பால் தொட்டுப் பார்த்துத்தான் வழிவிடும் என்றாய். அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் இல்லை. மஸ்கட்டிலிருந்து நான் முதல் லீவில் வந்தபோது உனக்கு நாலு வயது. நிலைப்படியில் ரெண்டு கையையும் விரித்து நின்று, "அம்மா குளிக்கிறாங்க, அப்புறம் வாங்க மாமா" என்றாய். எல்லாரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். பெட்டியைத் திண்ணையில் வைத்துவிட்டு நின்றேன். அப்புறமும் ஏழு வருஷம் அங்கேயே இருந்தேன். கடன் 1 வருஷத்தில் அடைந்துவிட்டது. மீதி ஆறும் நானாக இருந்தது. அம்மாவுக்கு இது தெரியாது. வாசலில் நிற்க வேண்டிய வேளையில் நான் இல்லை. இன்று உன் வாசலில் நின்று யார் என்ன என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை.

கடைசி வீடியோவில் உன் பின்னால் மேஜையில் ரெண்டு காபிக் கோப்பை இருந்தது. நீ காபி குடிப்பதில்லை. அம்மா கவனிக்கவில்லை.

பருப்புப் பொடி இடிக்கச் சொல்லியிருக்கிறேன். காரம் எவ்வளவு போடலாம் என்று மட்டும் எழுது, உனக்கு எவ்வளவு என்று எனக்குத் தெரியும்.

அப்பா